'உங்கள் அமர்வு காலாவதியானது': கல்வி இணையதளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் கல்வி இணையதளங்களுக்கு ஒப்புதல் கையெழுத்திடும் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். புதுப்பித்த தளத்தைப் பார்த்தோம். முகப்பில் படங்கள் ஐந்து விநாடிக்கு ஒருமுறை நகர்கின்றன. மேல்மூலையில் 'அ- அ அ+' என்று மூன்று பொத்தான்கள் முளைத்திருக்கின்றன. அடியில் 'அனைவருக்குமான தளம்' என்று ஒரு வரியும் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் மட்டும் பழையபடியே பத்தாவது நிமிடத்தில் 'உங்கள் அமர்வு காலாவதியானது' என்று சொல்லி, நிரப்பியதை எல்லாம் அழித்துவிட்டு லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. இதுபற்றி வந்த கடிதங்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கும் என்பதால் பழைய கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

கேட்பது ஒன்றுதான். தளத்தைத் திறப்பதற்கு முன், அதைப் பயன்படுத்தப்போகிற பல தரப்பட்டவர்களை உட்காரவைத்து, அவர்கள் எந்த வேலைக்காக வருவார்களோ அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரால் முடிக்க முடியாவிட்டாலும் திறக்காதீர்கள்.

அந்தப் பத்து நிமிடம் எப்படிக் கரைகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பார்வையற்ற மாணவர் ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு, மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் திறந்ததும் மெனுவில் அறுபது இணைப்புகள். 'நேரடியாக உள்ளடக்கத்துக்குச் செல்க' என்ற ஒரு இணைப்பை முதலில் வைத்திருந்தால் ஒரே தட்டில் தாண்டிவிடலாம். அது இல்லை. தலைப்புகளில் தாவிப் போகலாம் என்றால், தலைப்பு என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது வெறும் தடித்த எழுத்து. அதற்குத் தலைப்புக் குறியீடு போடாததால் திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு சாதாரண வரி. ஆகவே டேப் விசையை அறுபது தடவை தட்டுகிறார்.

படிவத்துக்கு வந்து சேர்ந்ததும் முதல் பெட்டியில் 'எடிட், பிளாங்க்' என்று கேட்கிறது. அடுத்த பெட்டியிலும் அதேதான். பன்னிரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயர்! காரணம் எளிது. பெட்டிகளோடு லேபிள் இணைக்கப்படவில்லை. பெயர், தந்தை பெயர், பதிவெண் என்ற சொற்கள் அட்டவணையின் ஒரு வரிசையிலும் பெட்டிகள் அதற்கடுத்த வரிசையிலும் கிடக்கின்றன. கண்ணால் பார்ப்பவர் மேலும் கீழும் பொருத்திக்கொள்வார். காதால் கேட்பவருக்கு முதலில் சொற்கள் எல்லாம் வரிசையாக வரும், பிறகு பெட்டிகள் எல்லாம் வரிசையாக வரும். எது எதற்கு என்று விரல்விட்டு எண்ண வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபிள் குறியீடு எழுதுவது நிரலாளருக்கு ஒரு வரி வேலை.

அடுத்து பிறந்த தேதி. தட்டச்சு செய்ய முடியாது, குட்டி நாட்காட்டியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இன்றைய மாதத்தில் திறக்கிறது, பின்னோக்கிப் போக ஒரே ஒரு அம்புக்குறி. பதினேழு வயது மாணவர் தன் பிறந்த மாதத்துக்குப் போய்ச் சேர 204 முறை அழுத்த வேண்டும். மவுஸ் பிடிப்பவருக்கே இது தண்டனை. விசைப்பலகையில் அந்த அம்புக்குறிக்குப் போகவே வழியில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எளிய பெட்டிகள் வைத்தால் போதுமே! நாட்காட்டி அழகாக இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

பிறகு கேப்சா. நெளிந்த எழுத்துகளின் படம். பார்வையற்றவரை 'நீங்கள் மனிதர்தானா, கண்ணால் பார்த்து நிரூபியுங்கள்' என்று கேட்கிற தளம், அடியில் 'அனைவருக்குமான தளம்' என்றும் எழுதிக்கொள்கிறது. ஒலி வடிவம் இருக்கிறது என்பீர்கள். அதைத் திறக்கிற சின்னத்துக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டீர்கள், அதனால் அது வெறும் 'பட்டன்' என்றுதான் கேட்கிறது. எப்படியோ இதையும் கடந்து சமர்ப்பித்தால், தவறான பெட்டியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு வருகிறது. கோடு மட்டும்தான், வார்த்தை இல்லை. திரைவாசிப்பான் மௌனமாக இருக்கிறது. விண்ணப்பம் போய்விட்டதா, நிற்கிறதா என்று தெரியாமல் அவர் மேலேயிருந்து மறுபடி படிக்கத் தொடங்குகிறார். அப்போதுதான் அந்தப் பத்தாவது நிமிடம் வருகிறது.

கைநடுக்கம் உள்ளவருக்கும், வாசிக்கக் கூடுதல் நேரம் எடுப்பவருக்கும், இணைய வேகம் இல்லாத இடத்தில் சான்றிதழை ஏற்றிக்கொண்டிருப்பவருக்கும் இதே கதிதான்.

பாதுகாப்புக்காகத்தான் நேரக்கெடு வைத்தோம் என்பது உங்கள் வழக்கமான பதில். பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எல்லோரும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்காக வெளியிட்டிருக்கும் டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலில் இதற்கான வழி 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருக்கிறது. நேரம் முடியுமுன் எச்சரியுங்கள். நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி அவகாசம் கொடுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டுவது மாதிரி ஓர் எளிய செயலில் அது நடக்கட்டும். குறைந்தது பத்து முறையாவது அப்படி நீட்டிக்க விடுங்கள். எச்சரிக்கைப் பெட்டி திரையில் தோன்றினால் மட்டும் போதாது, திரைவாசிப்பானும் அதை உடனே சொல்லும்படி குறியீடு இருக்க வேண்டும். இதோடு 'வரைவாகச் சேமி' என்று ஒரு பொத்தானும், மறுபடி லாகின் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் இருந்தால் பாதுகாப்பும் கெடாது, மாணவரின் ஒரு மாலைப்பொழுதும் வீணாகாது.

இனி அந்த 'அ+' பொத்தான். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா உலாவியிலும் ஏற்கெனவே இருக்கிறது. கைபேசியில் இரண்டு விரலை விரித்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொத்தானை வைத்த அதே தளம், பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு கட்டளை எழுதி அந்த விரல் பெரிதாக்கலைப் பல கைபேசிகளில் முடக்கி வைத்திருக்கிறது. வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் பக்கத்தில் சன்னல் திறந்து வைத்தோம் என்று பெருமைப்படுகிற மாதிரி இருக்கிறது. அழுத்தினால் பக்கத்தைக் குரலில் படித்துக் காட்டுகிறோம் என்று ஓரத்தில் மிதக்கும் 'அணுகல்தன்மை' சின்னங்களும் இப்படித்தான். திரைவாசிப்பான் தேவைப்படுபவர் அதைத் தன் கருவியிலேயே வைத்திருப்பார். கணினிக்கான என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் திரைவாசிப்பான் இருக்கிறது. அவர் கேட்பது உங்கள் குரலை அல்ல, ஒழுங்கான குறியீட்டை.

தமிழ் என்று வரும்போது இன்னொரு கூத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் சுற்றறிக்கையும் பாடத்திட்டமும் இன்னும் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி பிடிஎஃப் ஆகின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் உட்கார்ந்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதைத் திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளாகத்தான் படிக்கும். தேடினாலும் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினாலும் குப்பைதான். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அந்தக் குப்பை கூட இல்லை, வெறும் படம். யூனிகோடில் அடித்து வலைப்பக்கமாகவே போடுங்கள், பிடிஎஃப் கூடுதலாக இருக்கட்டும். அப்படியே, பக்கம் எந்த மொழி என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மொழிப் பண்பையும் பாருங்கள். வார்ப்புருவில் வந்த, ஆங்கிலத்தைக் குறிக்கும் 'இஎன்' அப்படியே கிடந்தால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க வரும். சில குரல்கள் தமிழ் வரிகளைச் சத்தமில்லாமல் தாண்டியே போய்விடும். தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்று இரண்டு எழுத்து மாற்றுகிற வேலைக்குக் கூடவா குழு அமைக்க வேண்டும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிறமாறுபாடு 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.54 வருகிறது, தேறிவிடும். ஒரு இழை வெளிறிய 777777 நிறம் 4.48, தேறாது. உங்கள் அறிவிப்புப் பலகையில் இருப்பது இரண்டையும்விட வெளிறியது. பாடக் காணொளிகளுக்குத் தானியங்கி வசனவரியை அப்படியே விட்டால் அறிவியல் சொற்கள் எல்லாம் உருமாறிவிடும், செவித்திறன் குறைந்த மாணவர் தவறாகப் படித்துக்கொள்வார். ஆள் வைத்துத் திருத்துங்கள். கணிதச் சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல், கணிதத்துக்கான வலைக் குறியீட்டு மொழியான மேத்எம்எல்லில் எழுதுங்கள். முகப்புப் பேனர் 4 எம்பி இருந்தால், விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தில் அதற்கு மட்டும் 125 விநாடி ஆகும். மாணவர் தேடி வந்தது தேர்வு அட்டவணையை, யாருடைய புன்னகையையும் அல்ல.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டோம். தளத்தின் அடியில் ஓடும் 'வருகையாளர் எண்ணிக்கை'யைப் பார்க்கும்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது. வந்தவர்களை எண்ணுகிற அந்தக் கருவி, பாதியில் திரும்பிப் போனவர்களையும் வெற்றிக் கணக்கிலேயே சேர்க்கிறது.

டெண்டரில் 'வழிகாட்டுதலுக்கு இணங்க' என்று ஒரு வரி இருக்கிறது, சோதனைக் கருவி 100க்கு 100 கொடுத்திருக்கிறது என்று பதில் எழுதாதீர்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை இருக்கிறதா என்று மட்டுமே கருவிக்குத் தெரியும். அங்கே 'படம்1' என்று எழுதியிருந்தாலும் அது தேர்ச்சி போட்டுவிடும். 204 அழுத்தங்களை அது எண்ணுவதில்லை. கருவியை ஓட்டுங்கள், சின்னப் பிழைகளை அது பிடிக்கும். முடிவை மனிதர்களிடம் விடுங்கள்.

எப்படி என்று கேட்டால், ஐந்து வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: பாடநூல் தேடுவது, விண்ணப்பிப்பது, நுழைவுச்சீட்டு இறக்குவது, முடிவு பார்ப்பது, குறை தெரிவிப்பது. கணினியில் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் ஒருவர், டாக்பேக்கோடு கைபேசியில் வருபவர் ஒருவர், விசைப்பலகை மட்டுமே கையாளக்கூடியவர், செவித்திறன் குறைந்தவர், வாசிப்பில் சிரமம் உள்ளவர், பழைய கைபேசியும் மெதுவான இணையமும் உள்ளவர் என்று கூப்பிடுங்கள். செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள், தேநீரும் நன்றிச் சான்றிதழும் கூலி ஆகாது. திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் கூப்பிட்டால் எதையும் மாற்ற முடியாது. படிவம் காகிதத்தில் இருக்கும்போதே ஒருமுறை, கட்டி முடித்ததும் ஒருமுறை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கே நின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் இதைத் திரும்பச் செய்யுங்கள், சரியாக இருந்த லேபிள் அடுத்த பதிப்பில் காணாமல் போவது சகஜம்.

இதெல்லாம் சலுகை கேட்கிற கோரிக்கை என்று தோன்றினால், 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். தகவல், தொடர்பு வசதிகளை மாற்றுத்திறனாளிகளும் அணுகும்படி செய்வது அங்கே அரசுகளின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். அடுத்த விண்ணப்பக் காலம் தொடங்குவதற்கு முன் இந்தச் சோதனையை நடத்துங்கள். நடத்தும் தேதியை அறிவியுங்கள், எங்கள் தரப்பிலிருந்து ஆட்கள் வரத் தயாராக இருக்கிறார்கள். அதுவரை அந்தப் பத்து நிமிடக் கெடுவை மட்டுமாவது நீட்டித்து வையுங்கள், அது சர்வரில் ஒரே ஓர் எண்ணை மாற்றுகிற வேலை.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறோம். தயவுசெய்து யூனிகோடில் எழுதுங்கள். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால், எங்களில் சிலரால் அதைப் படிக்க முடியாது.

இப்படிக்கு,
இணைய அணுகல்தன்மைச் சோதனையாளர்கள் சிலர்