சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

நீலகிரியில் உறைபனி தொடங்கினால் குழந்தைகளுக்கு இருமலும் தொடங்கிவிடும். பெரும்பாலும் வைரஸ் சளிதான், தானாக அடங்கும், ஆன்டிபயாடிக் வேண்டாம். நிமோனியாவோ என்று சந்தேகம் வந்தால் விநாடி முள் ஓடும் கடிகாரம் ஒன்று போதும்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. நிமிடத்துக்கு மூச்சின் எல்லை: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். 2 மாதத்துக்குள் என்றால் இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பது நல்லது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். நம் ஊரில் மூன்று ஸ்வெட்டர் போட்டுச் சுற்றிவிடுவதால் அந்தக் குழி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரி மூட்டுவதும், குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நுரையீரலுக்குக் கெடுதல். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனைகூடக் கிடையாது.

நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி அரசு மையங்களில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். லேசான சளிக்காக அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

— குழந்தைகள் நலச் செவிலியர்கள், கோத்தகிரி