அழுக்குக்கு விலை வையுங்கள்

நீர்மாசு விதிகளை வகுக்கும் இடத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். போன வாரம் மழை பெய்த இரவு, உத்தமசோழபுரம் பக்கம் நுரை கரையேறி நின்றது. மழை வந்தால் சில சாயப்பட்டறைகளுக்குக் கொண்டாட்டம், கழிவுத் தொட்டியைத் திறந்துவிடுவார்கள். இந்தத் தீபாவளிக்கு எந்த நிறச் சேலை என்பது ஜவுளிக்கடைக்கு முன்பே எங்கள் வாய்க்காலுக்குத் தெரிந்துவிடும்.

என்னிடம் இரண்டு எருமைகள் இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் முகர்ந்து பார்த்து, ஒரு ஊது ஊதிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கின்றன. தவிடு கலந்து ஏமாற்றிப் பார்த்தேன்; தவிடுதான் வீண். இப்போது மாட்டுக்கும் டேங்கர் தண்ணீர்தான், லோடு 800 ரூபாய். பால் காசு அப்படியே டேங்கர்காரருக்குப் போகிறது. தண்ணீரைக் கெடுத்தவருக்குச் செலவில்லை, எனக்குத்தான் செலவு.

ஆகவே கேட்கிறேன்: ஆற்றில் விடும் அழுக்கின் அளவுக்குக் கட்டணம் போடுங்கள். ஜெர்மனியில் 1976-ல் சட்டம் போட்டு 1981 முதல் இப்படித்தான் வசூலிக்கிறார்கள். அழுக்கு குறைந்தால் கட்டணமும் குறையும். நம்மிடமும் 1977-ல் ஒரு தண்ணீர்த் தீர்வை வந்தது. விதிப்படி நடந்தவருக்கு 25 சதவீதத் தள்ளுபடிகூட உண்டு. ஆனால் அது செலவழித்த தண்ணீருக்குப் பைசாக் கணக்கு. விட்ட அழுக்குக்கு இல்லை. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். அப்போது பிறந்த பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

காசு என்றால் கணக்கு தானாக வரும். குச்சிக்கிழங்குக் கழிவுநீரில் எரிவாயு எடுத்து அதே நெருப்பில் வேலை பார்க்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நம் மாவட்டத்திலேயே உண்டு. லாபம் தெரிந்தது, செய்தார்கள். சாயப்பட்டறைக்குச் சீல் வைக்கிறீர்கள், இடிக்கிறீர்கள், சரி. அப்புறம் அடுத்த தெருவில் அதே பட்டறை முளைக்கிறதே! சின்னப் பட்டறைக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். வசூலாகும் பணத்தில் பொதுவாக ஒன்று கட்டிக் கொடுங்கள். ஊர்ச் சாக்கடைக்கும் அதே கட்டணம்தான், அதில் தாட்சண்யம் வேண்டாம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுக்கின் அளவுக்குக் கட்டணம், குறைத்தவருக்குத் தள்ளுபடி: தயவுசெய்து இதைப் பரிசீலியுங்கள். டேங்கர் வந்த தேதிகளையெல்லாம் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். யார் பெயருக்குப் பில் போடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றோர விவசாயி ஒருவன்
உத்தமசோழபுரம், சேலம்