பாதிரியார்களின் வாரிசுகளா இந்த மென்பொருள் முனைவோர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிலிக்கான் பள்ளத்தாக்கில் தொழில் நடத்தும் ஸ்பெயின் நாட்டவரைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத பொருள் என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவின் இந்தப் பகுதியில் மிஷன்கள் எனப்படும் மதப்பரப்புக் குடியிருப்புகளை எழுப்பிய பிரான்சிஸ்கன் சபைக் கத்தோலிக்கப் பாதிரியார்களின் வாரிசுகளாக இன்றைய மென்பொருள் முனைவோரைக் கட்டுரை காட்டியிருப்பதை, ஃப்ரீமாண்ட் நகரில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

1777 ஜனவரியில் சாண்டா கிளாரா மிஷனும் அதே ஆண்டு நவம்பரில் சான் ஹோசே ஊரும் ஸ்பானிய அரசரின் பெயரால் நிறுவப்பட்டன என்பது உண்மையே. ஆயினும், அங்கே முதலில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயினைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். ஸ்பானியப் படை அதிகாரி ஹுவான் பவுதிஸ்தா தே ஆன்சா இன்றைய மெக்சிகோவின் சினலோவா, சொனோரா பகுதிகளிலிருந்து பாலைவனம் கடந்து அழைத்து வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். ஸ்பானிய, பூர்வகுடி, ஆப்பிரிக்க இரத்தம் கலந்த எளிய மக்கள். 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றதோடு ஸ்பெயினின் ஆட்சி முடிந்துபோனது. கட்டுரை ஸ்பானிய மரபு என்று போற்றும் பெரும் பண்ணை நிலங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு மெக்சிகோ ஆளுநர்கள் வழங்கியவை. அவற்றில் ஒன்றை 1844-இல் பெற்ற லோபே இனிகோ, சாண்டா கிளாரா மிஷனில் ஞானஸ்நானம் பெற்ற, இப்பகுதியின் ஓலோனி பூர்வகுடியைச் சேர்ந்தவர். நாசாவிடமிருந்து கூகுள் குத்தகைக்கு எடுத்திருக்கும் மொஃபெட் விமானத்தளத்தின் ஒரு பகுதி, அன்று அவருடைய நிலமாக இருந்தது.

கட்டுரையுடன் வெளியான படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டுப் பழமையின் சின்னமாக அதில் காட்டப்படும், ஃப்ரீமாண்டில் உள்ள மிஷன் சான் ஹோசேயின் வெண்ணிறத் தேவாலயம், 1980-களில் பழைய வடிவில் புதிதாகக் கட்டப்பட்டது. 1809-இல் எழுந்த மூலக் கட்டடம் 1868-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்துவிட்டது. அந்த மூலக் கட்டடத்தின் சுடாத மண் செங்கற்களைச் சுமந்தவர்கள் ஓலோனி மக்கள். தட்டம்மை போன்ற நோய்களாலும் மிஷன் வாழ்க்கையின் கடுமையாலும் மாண்ட அவர்களில் ஆயிரக்கணக்கானோரின் இடுகாடு, அங்கிருந்து சற்றுத் தள்ளி வாஷிங்டன் புலவார்டு சாலையோரத்தில் இருக்கிறது. பாரம்பரியம் பற்றிய கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஸ்பெயினுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் உண்மையான தொழில் உறவு ஒன்றைத் தேடினால், அது பாதரசத்தில் இருக்கிறது. கட்டுரையாளர் அதை எப்படித் தவறவிட்டார் என்று தெரியவில்லை. நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று சொல்லும் சிவப்புத் தாதுவை, சான் ஹோசேக்குத் தெற்கேயுள்ள மலைகளிலிருந்து எடுத்து ஓலோனி மக்கள் உடலில் பூசிவந்தார்கள். 1845-இல் அதைச் சோதித்துப் பாதரசம் இருப்பதை உறுதி செய்தவர் ஆந்த்ரேஸ் கஸ்தியேரோ என்ற மெக்சிகோ இராணுவ அதிகாரி. ஸ்பெயினின் புகழ்பெற்ற அல்மடேன் பாதரசச் சுரங்கத்தின் நினைவாக அங்கே எழுந்த சுரங்கம் நியூ அல்மடேன் ஆயிற்று. கலிபோர்னியாவில் தங்கவேட்டை தொடங்கியபோது, நொறுக்கிய பாறைத் தூளிலிருந்து தங்கத்தைத் தன்னோடு ஒட்டவைத்துப் பிரித்தெடுக்கத் தேவைப்பட்ட பாதரசம் கூப்பிடு தூரத்திலேயே கிடைத்தது. அதுவரை ஸ்பானிய அல்மடேனின் விற்பனை உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, உலகச் சந்தையில் விலையை நிர்ணயித்துவந்த ராத்ஸ்சைல்டு வங்கியாளர் குடும்பத்தின் பிடியையே இந்தச் சுரங்கம் தளர்த்தியது. அதாவது, ஸ்பெயினின் பெயரைத் தாங்கிய சுரங்கம் ஸ்பெயினுக்கே போட்டியாக நின்றது! அந்தப் பாதரசத்தின் எச்சம் இன்றும் அருகிலுள்ள குவாடலூப்பே நீர்த்தேக்கத்தில் கலந்திருப்பதால், அங்கே பிடிக்கும் மீனை உண்ண வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இனி இன்றைய முனைவோருக்கு வருவோம். மாட்ரிட்டில் ஹூலியோ காசல் உள்ளிட்டோர் தொடங்கிய ஏலியன்வால்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், தலைமையகத்தைக் கலிபோர்னியாவின் சான் மடேயோவுக்கு மாற்றி வளர்ந்து, 2018-இல் ஏடி அண்ட் டி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வசம் சென்றது. ஸ்பெயினின் செவில் நகரத்தில் வேர்கொண்ட பிட்நாமி என்ற மென்பொருள் நிறுவனத்தை 2019-இல் பாலோ ஆல்டோவின் விஎம்வேர் நிறுவனம் வாங்கியது. இவர்களை இங்கே இழுத்தவை முதலீடும் வாடிக்கையாளர்களுமே. சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸும் அதே சான் மடேயோவில்தான் தலைமையகம் வைத்தது; அதற்கு யாரும் முன்னோர் தேடவில்லை. பெர்னார்தோ கின்தேரோவின் கதை இன்னும் தெளிவானது. சந்தேகத்துக்குரிய கோப்பு ஒன்றைப் பல வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களால் ஒரே நேரத்தில் சோதித்துத் தரும் வைரஸ்டோட்டல் சேவையை அவர் ஸ்பெயினின் மாலகா நகரில் உருவாக்கினார். 2012-இல் கூகுள் அதை வாங்கிய பிறகும் அவர் மாலகாவிலேயே தங்கினார். 2023-இல் கூகுள் தன் இணையப் பாதுகாப்பு மையத்தை அந்த ஊரில் திறந்தது. ஸ்பெயின் அரசும் 2022-இல் கொண்டுவந்த புத்தொழில் சட்டத்தின் மூலம், ஊழியர் பங்குரிமைக்கான வரிவிலக்கை ஆண்டுக்கு 12,000 யூரோவிலிருந்து 50,000 யூரோவாக உயர்த்தி, இப்படிப்பட்டவர்களை ஊரிலேயே நிறுத்திவைக்க முயல்கிறது. புலம்பெயர்ந்து வென்றவர்களின் வரிசையை மட்டும் அடுக்கிய கட்டுரை, ஊரைவிட்டு நகராமல் கலிபோர்னியாவை வரவழைத்த இவரைக் குறிப்பிடாதது பெருங்குறை.

தொடரின் அடுத்த பகுதியில் படத்தின் குறிப்பையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாரம்பரியத்தைப் பற்றியும் மேலும் எழுதுவதாக இருந்தால், இதே நகரங்களில் வாழ்ந்துகொண்டு, பழங்குடியாகத் தங்களை அங்கீகரிக்குமாறு அமெரிக்க ஒன்றிய அரசிடம் பல்லாண்டுகளாகப் போராடிவரும் முவெக்மா ஓலோனி மக்களையும் கட்டுரையாளர் சந்திக்க வேண்டும்.

இப்படிக்கு,
க. மீனாட்சிசுந்தரம்
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா