ஒப்பரேசனுக்குப் பிறகு வரும் கணக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. ஆடிவேல் திருவிழா முடிந்து காலி வீதி ஒருவாறு பழைய நிலைக்கு வந்திருக்கிறது. பம்பலப்பிட்டிப் பக்கம் மட்டும் இன்னும் கச்சான் கோது கிடக்கிறது. சனசமூக நிலையத்து மருத்துவ நிதிக்கு நீ பொருளாளர் ஆனது நல்ல விசயம். கணக்கில் நீ கறார் என்று சுன்னாகத்துக்கே தெரியும்.

சிறுநீரகம் மாற்றிய தம்பிக்கும், மஹரகமவில் மார்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்து வந்த அக்காவுக்கும் தலைக்கு ஒரு இலட்சம் கொடுத்துக் கோவையை மூடலாமா என்று கேட்டிருந்தாய். தொகையில் குறை சொல்ல மாட்டேன். கொடுக்கிற விதம்தான் பிழை என்று படுகிறது.

காசு சேர்ந்து வருவது ஒப்பரேசன் காலத்தில். கோயில், பழைய மாணவர் சங்கம், கனடா மாமா, லண்டன் சித்தி எல்லாரும் அந்த இரண்டு மாதத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வருசம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தம்பி குளிசை போடுவது காலையும் இரவுமாக வருசத்துக்கு 730 தடவை, சிறுநீரகம் வேலை செய்யும் வரைக்கும். ஒரு இலட்சத்தை மாதம் 2,000 வீதம் பிரித்தால் 50 மாதம், நாலு வருசத்துக்கு மேல் வரும். மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடனுக்கும் அடகு வட்டிக்கும் போய்விடும். அதைத் தப்பென்று சொல்லவில்லை, கடன்காரன் வாசலில் நிற்கும்போது யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

தம்பியின் மருந்துகளை நீ எழுதியிருந்தாய்: டக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன். உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளாமல் இருக்கக் கொடுக்கிற வழக்கமான மூன்றும்தான். இதில் டக்ரோலிமஸ்தான் பிடிவாதக்காரன். கூடினால் சிறுநீரகத்தையே கெடுக்கும், கை நடுங்கும், சீனி ஏறும். குறைந்தால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று தள்ளத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒடுக்கம். அதனால்தான் இரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள். முதல் மாதங்களில் அளவைக் கொஞ்சம் கூட வைத்திருப்பார்கள். பிறகு பலருக்கு மில்லிலீற்றருக்கு 5 முதல் 8 நானோகிராம் வரை. ஆளுக்கு ஆள் இலக்கு மாறும், அதை வைத்தியர் சொல்லுவார்.

பிழை நடப்பது பெரும்பாலும் அந்த இரத்தம் எடுக்கிற நாளில். குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழிந்து, அடுத்தது போடுவதற்கு முன் எடுக்கவேண்டிய இரத்தம் அது. கொழும்புக் கிளினிக்கில் காலை 9 மணிக்கு இரத்தம் எடுப்பார்கள் என்றால், முதல் நாள் இரவு 9 மணிக்குக் குளிசை. காலைக் குளிசையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்து, இரத்தம் கொடுத்தவுடன் போடவேண்டும். இவர்களோ யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, தேத்தண்ணியோடு 6 மணிக்கே போட்டுவிடுவார்கள். இரத்தத்தில் அளவு கூடக் காட்டும். வைத்தியர் நம்பி மருந்தைக் குறைப்பார். உண்மையான அளவு அதற்குக் கீழே விழும். பிறகு சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறினால் ஏன் என்று யாருக்கும் விளங்காது. தம்பியிடம் முதலில் இதைக் கேள்.

மற்றது கம்பனி மாறுவது. ஆஸ்பத்திரியில் ஒரு கம்பனி மருந்து இருந்தது, முடிந்தது, துண்டு எழுதித் தந்தார்கள், வெளியில் பாமசியில் வேறொரு கம்பனி கிடைத்தது. பெயர் ஒன்று, மில்லிகிராம் ஒன்று, உடம்பு உறிஞ்சுவது கொஞ்சம் வேறு. மாறினால் கிளினிக்கில் சொல்லி மறுபடி அளவு பார்க்கவேண்டும். நாளுக்கு இரண்டு தரம் போடும் டக்ரோலிமஸும் ஒரு தரம் மட்டும் போடும் மெதுவாய்க் கரையும் வகையும் ஒன்றல்ல. பாமசிப் பெடியன் 'அதுவும் டக்ரோலிமஸ் தானே அண்ணை' என்று எடுத்துத் தந்தால் வாங்கக் கூடாது. 2022இல் டொலர் இருநூறிலிருந்து சில கிழமைகளில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது நினைவிருக்கும். அப்படி விலை ஏறும்போது சனம் குளிசையைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இழுக்கப் பார்க்கும். உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாது, வலிக்காது. அதனால்தான் அது ஆபத்து. சுன்னாகத்தில் ஒரு பாமசியோடு பேசி, அந்தத் தம்பியின் துண்டுக்கு மட்டும் நிலையத்தின் பெயரில் ஒரு கணக்குத் திற. கையில் எப்போதும் இரண்டு கிழமைக் குளிசை மிச்சம் இருக்கவேண்டும். அந்த இரண்டு கிழமைதான் உங்கள் நிதியின் முதல் வேலை.

ஊர் வைத்தியம் என்ற பெயரில் வருகிறவையும் உண்டு. கசாயம் எதுவும் வேண்டாம். ஜம்போலா என்கிற பம்பளிமாசும் கிரேப் புரூட்டும் டக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காமரங்காயும் பிளிங்காயும் ஒட்சலேற் நிறைந்தவை, சிறுநீரகத்துக்கு நேரே நஞ்சு. பிளிங்காய் ஊறுகாய்கூட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். முதுகு நோவுக்கு டைக்குளோபெனாக், இபுபுரூபன் கூடாது, பரசிற்றமோல் மட்டும். சளிக்குத் தனியார் டொக்டரிடம் போனால் கிளாரித்ரோமைசின் எழுதக்கூடும், பூஞ்சைக்குப் புளுகொனசோல். இரண்டும் டக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பினைட்டொயின் இறக்கும். எந்த டொக்டர் முன் உட்கார்ந்தாலும் முதல் வசனம் 'நான் கிட்னி மாத்தின ஆள்' என்று இருக்கவேண்டும். வயிற்றோட்டத்திலும் அளவு ஏறும், அது பலருக்குத் தெரியாது. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியட்டும் என்று பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டெங்குக் காலத்தில் இன்னும் கவனம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் அவருக்குக் கூடாது.

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த அக்காவை உன் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தாயா? எல்லாரும் அப்படித்தான், வாங்கினவனைப் பார்ப்பார்கள். அவருக்கும் வருசத்துக்கு ஒரு தடவை பிரஷர், சலத்தில் புரதம், கிரியாட்டினின். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிடலாம். அந்த பஸ் காசும் நிலையத்தின் கணக்கில் வரட்டும்.

வேலைக் கதைக்கு வருகிறேன், ஏனெனில் குடும்பம் விழுவது மருந்து விலையால் மட்டுமல்ல. தம்பி வன்பொருள் கடையில் வேலை என்கிறாய். 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருசத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் சாதாரண லீவு. மொத்தம் 21. மாதம் ஒரு கிளினிக் என்று வை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்துபோக இரண்டு நாள் போய்விடும். வருசத்துக்கு 24. ஒரு தடிமன்கூட வராமல், தங்கச்சி கலியாணத்துக்குக்கூட லீவு எடுக்காமல் இருந்தாலும் மூன்று நாள் சம்பளம் வெட்டுப்படும். கூட வருகிறவருக்கும் 24 நாள். முதலாளி நல்லவர் என்றால் இரண்டு வருசம் பொறுப்பார். இதற்கு ஒரு வழி, கிளினிக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றையாவது யாழ்ப்பாணத்தில் பார்க்க முடியுமா என்று கொழும்பு வைத்தியரிடமே கேட்பது. இரத்தம் அங்கே எடுத்து, ரிப்போட்டை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லவும் கூடும். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) பற்றிக் கேட்டிருந்தாய். 2012இல் சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ ஓய்வுக்கு முன்னரே 30 வீதம் வரை எடுக்க வழி செய்தார்கள். பத்து வருசச் சேவையும் கணக்கில் குறைந்தது மூன்று இலட்சமும் இருக்கவேண்டும். தம்பிக்குப் பத்து வருசம் இல்லை என்றால் இந்தக் கதவு பூட்டு. இருந்தாலும் கடைசியாகத் தொடச் சொல். இவர் எவ்வளவு காலம் உழைப்பார் என்று தெரியாத நிலையில் அந்தக் காசுதான் பிற்காலத்துச் சோறு. அடகில் தாலிக்கொடி ஏலம் போகும் நிலை வந்தால் வேறு கதை. ஈ.டி.எவ். (ஊழியர் நம்பிக்கை நிதி) சபையில் சிறுநீரக மாற்றுக்கென்று உதவி உண்டு, அது வேறு விண்ணப்பம். சிறுநீரக நோயாளிக்கான மாதக் கொடுப்பனவை கிராம சேவையாளரிடமும், ஜனாதிபதி நிதியத்தைப் பிரதேச செயலகத்திலும் கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரி தருகிற நோய் விபர அட்டை) பிரதி கேட்பார்கள். பத்துப் பிரதி எடுத்து, மூலத்தைப் பொலித்தீனில் சுற்றி வீட்டில் வைக்கச் சொல். மழையில் நனைந்து மை கரைந்த காட்டை மறுபடி எழுதி எடுப்பது பெரிய பாடு.

இனி மஹரகம அக்கா. வைத்தியம் 'முடிந்தது' என்று எழுதியிருந்தாய். முடியவில்லை. புற்றுநோய் திரும்பாமல் இருக்க டமொக்சிபென் 20 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, ஐந்து வருசம்: 1,825 குளிசை. சிலருக்குப் பத்து வருசம். மலிவான குளிசைதான். ஆனால் சுகமாக இருக்கிற ஆள், உடம்பெல்லாம் அவிச்சல் எடுக்கப்பண்ணும் குளிசையை எதற்குப் போடவேண்டும் என்று மூன்றாம் வருசம் நிறுத்திவிடுவார். நிறுத்தினதை வீட்டுக்கும் சொல்லமாட்டார். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், கிளினிக் திகதிவரை பொறுக்காமல் போகவேண்டும். மனச்சோர்வுக்கு யாரும் மருந்து எழுதினால் டமொக்சிபெனைச் சொல்லவேண்டும். புளுஒக்செற்றின், பரொக்செற்றின் அதன் வேலையைக் குறைக்கும். டமொக்சிபெனுக்குப் பதிலாக லெட்ரோசோல் குளிசைக்கு மாற்றியிருந்தால் எலும்பு தேயும், கல்சியமும் எலும்புச் சோதனையும் கேட்கவேண்டும்.

அவருக்குச் சிவப்பு ஊசி ஏற்றினார்களா என்று விசாரி. டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து என்றால் அந்த நிறம். அது இருதயத்தைப் பலவீனமாக்கக்கூடும், சிலவேளை பல வருசம் கழித்து. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் போவார், ஈழை என்று பம்ப் கொடுத்து அனுப்புவார்கள். எக்கோ (இருதய ஸ்கான்) எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, ஏனெனில் பழைய கதை அந்த அறைக்குள் இல்லை. வாழ்நாளில் ஏற்றக்கூடிய மொத்த அளவுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆகவே எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கரண்ட் (கதிர் வைத்தியம்) பிடித்தது எந்த இடம், கதிரின் அளவு எத்தனை கிரே, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி இப்போதே கேட்கவேண்டும். பத்து வருசம் கழித்துக் கோவையைத் தேடுவதைவிட இது இலேசு.

கக்கத்து நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மீன் வெட்டும்போது முள்ளுக் குத்தினாலும் கழுவி மருந்து போடவேண்டும். கை சிவந்து சூடேறினால் அன்றைக்கே டொக்டர். வீக்கத்துக்கு இறுக்கு உறை எழுதிக் கொடுத்திருந்தால், அது ஆறு மாதத்தில் தொய்ந்துபோகும். தொய்ந்ததைப் போடுவது போடாததற்குச் சமம். உறைக்கு நோய் உதவித்தொகை என்று யாரும் தரமாட்டார்கள், நிலையம் வாங்கிக் கொடுக்கலாம்.

வாய்ப் புற்றுநோய்க்காரர் ஒருவரும் விண்ணப்பித்திருப்பதாக எழுதினாய். எங்கள் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது அதுதான், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் குற்றவாளியே. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தாடையில் கரண்ட் பிடித்தவர் பல்லை வெறுமனே பிடுங்கிவிடக் கூடாது. எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கும், காயம் ஆறாமல் எலும்பு செத்துப்போகும். பல் வைத்தியரிடம் முதலே சொல்லவேண்டும். கழுத்திலும் பிடித்திருந்தால் வருசத்துக்கு ஒரு தரமாவது தைரொயிட் இரத்தம் பார்க்கவேண்டும். சோம்பல், உடம்பு ஊதுதல், குளிர் எல்லாம் அதனாலும் வரும்.

காப்புறுதியில் ஒரே புத்தி: இருக்கிறதைக் கைவிடவேண்டாம். வருத்தம் வந்த பிறகு புதுப் பொலிசி தரமாட்டார்கள், அல்லது அந்த நோயை விலக்கி எழுதுவார்கள். பழையதைக் கட்டாமல் விட்டால், திரும்ப உயிர்ப்பிக்கச் சுகநிலைப் பிரகடனம் கேட்பார்கள், அங்கே கதை முடியும். நோயை மறைத்து எழுதினால், பிறகு காசு கேட்கும் நாளில் ஒன்றும் இல்லை என்றாகும். மூன்று வீட்டிலும் அலுமாரியில் பழைய பொலிசி கிடக்கிறதா என்று பார்க்கச் சொல். பாரிய நோய்க்கான இணைப்பு அதில் இருந்தும் ஒருவரும் கேட்காமல் விட்டிருக்கக்கூடும். மாதத் தவணை கட்ட முடியாவிட்டால், நிலையத்தின் 2,000இல் அதைக் கட்டுவதுகூட நல்ல செலவு.

இன்னொன்று, கமிட்டிக்கு இது பிடிக்காது. காசோலை கொடுக்கிற படம் வேண்டாம். பேப்பரிலும் வேண்டாம், பேஸ்புக்கிலும் வேண்டாம். அக்காவுக்குப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'தாய்க்குக் கான்சர்' என்ற கதை கலியாணப் பேச்சில் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தம்பிக்கும் அடுத்த வேலை தேடும்போது அந்தப் படம் முன்னே போய் நிற்கும். நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டும் என்றால் பாமசிப் பில்லைக் காட்டு, பெயரை மறைத்து.

தம்பியின் குளிசைப் பெட்டிகளை நாலு பக்கமும் தெரியப் படம் எடுத்து அனுப்பு, கம்பனியையும் வகையையும் பார்த்துச் சொல்கிறேன். கடைசி இரண்டு இரத்த ரிப்போட்டையும் சேர்த்து அனுப்பு, எத்தனை மணிக்குக் குளிசை போட்டார் என்று பக்கத்தில் எழுதி. இங்கே வருகிற ஆள் யாராவது இருந்தால் ஒரு கிலோ ஒடியல் மா கொடுத்துவிடு. உங்கள் வளவு ஜம்போலாவையும் அனுப்பு, ஆனால் தம்பி வீட்டுக்கு ஒன்றும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ரகு