டெவர்ஸ் போயிட்டான்டா

டேய் செந்தில்,

உன் மெசேஜ் எல்லாம் பாத்தேன், பதில் போடலன்னு கோவமா இருப்ப, நேர்ல வந்து திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்கு சுகர் இப்ப கன்ட்ரோல்ல இருக்கு. பாஸ்கர்தான் என் பேஸ்பால் டீம் பாஸ்டன் ரெட் சாக்ஸோட பரம எதிரி யாங்கீஸ் டீம் தொப்பிய மாட்டிக்கிட்டு வந்து வெறுப்பேத்துறான், அவன அப்புறம் கவனிச்சுக்கலாம்.

ரெட் சாக்ஸோட பெரிய பேட்ஸ்மேன் டெவர்ஸ அனுப்பிட்டாங்கடா. 2025 ஜூன் 15, ஞாயித்துக்கெழம, எங்க சொந்த மைதானம் ஃபென்வேல யாங்கீஸுக்கு எதிரா, சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடிக்கிறான், 2-0ன்னு ஜெயிச்சு சீரிஸ முழுசா வாரியாச்சு, சாயங்காலம் பாத்தா சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் டீமுக்கு அவனக் குடுத்துட்டு வேற ஆளுங்கள வாங்கி டிரேட் பண்ணிட்டாங்க. ஆட்டம் சரியில்லன்னு அனுப்பல, அதான் மனசு ஆறவே மாட்டேங்குது.

அவனோட பெரிய கான்ட்ராக்ட் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு. 2020ல எங்க ஸ்டார் பெட்ஸ டாட்ஜர்ஸ் டீமுக்குத் தள்ளிவிட்டாங்க, 2022 டிசம்பர்ல இன்னொரு ஸ்டார் போகார்ட்ஸும் பாட்ரேஸ் டீமுக்குப் போயிட்டான், ஊரே கொதிச்சுப் போயிருந்துச்சு. 2023 ஜனவரி 2, ஃபென்வேல ஐஸ் ஹாக்கி மேட்ச்சு, அங்கயும் ரெட் சாக்ஸ் ஓனர் ஜான் ஹென்றியப் பாத்து ஜனங்க கோவத்துல 'பூ'ன்னு கூச்சல் போட்டுக் கத்துறாங்க. ரெண்டே நாள்ல டெவர்ஸுக்கு 10 வருஷம், 313.5 மில்லியன் டாலர்னு நியூஸ். பேச்சு முன்னாடியே நடந்துட்டிருந்துச்சு, சரி, ஆனா அந்தக் கூச்சல் இல்லாம அவ்ளோ குடுத்திருப்பாங்கன்னு நான் நம்ப மாட்டேன்.

இந்த வருஷம் ப்ரெக்மன்னு ஒருத்தன கொண்டாந்து, இவன் ஃபீல்டிங் நின்ன தேர்ட் பேஸ்ங்கற எடத்த அவனுக்குக் குடுத்தாங்க, இவன பேட்டிங் மட்டும் பண்ணுன்னாங்க, ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்ன கசாஸுக்கு முட்டி போனதும் அந்த எடத்துக்கு வான்னாங்க. மாட்டேன்னான், அதையும் ரிப்போர்ட்டர்ங்க முன்னாடியே சொன்னான், அது தப்புதான். ஆனா அதுக்கப்புறம் எங்க திரும்புனாலும் 'டீமுக்காக எறங்கி வராதவன்'ங்கற பேச்சுதான். அந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னா டிரேட் பண்றப்ப ஊரு சண்டைக்கு வராதுல்ல? இதுல அவங்களுக்கே நஷ்டம் என்னன்னா, பேரு கெட்டா வெலயும் எறங்கும், இவங்க தள்ளிவிடத் துடிக்கிறாங்கன்னு மத்த டீமுக்கும் தெரிஞ்சிடும். மிச்சமிருந்த 250 மில்லியனுக்கு மேல உள்ள சம்பளத்த ஜயன்ட்ஸ் அப்படியே ஏத்துக்கிட்டாங்க, பதிலுக்கு வந்தது ஹிக்ஸ், ஹாரிசன்னு பந்து வீசுற ரெண்டு பேரு, இன்னும் வளராத பசங்க ரெண்டு பேரு. அவன் பேட்டுக்கு இதுவாடா ஈடு?

உங்க நியூயார்க் மெட்ஸ் டீமோட ஸ்டார் சீவர் டிரேட் ஆன கதைய நீதான எனக்குச் சொன்ன. 1977, அதுவும் இதே ஜூன் 15! கான்ட்ராக்ட் கிட்டத்தட்ட பேசி முடிஞ்ச நேரத்துல டெய்லி நியூஸ் பேப்பர்ல டிக் யங்ங்கற ரிப்போர்ட்டர் எழுதுறாரு, இன்னொரு பிட்சர் நோலன் ரையன் சம்பாதிக்கிறதப் பாத்து சீவரோட மனைவிக்குப் பொறாமையாம். வீட்டு ஆள இழுத்ததும் மனுஷன் போதும்டா சாமின்னுட்டாரு. வருஷத்தோட சிறந்த பிட்சருக்கு, அதான் பந்து வீசுறவருக்கு, குடுக்குற சை யங் அவார்ட மூணு தடவ வாங்குன மனுஷன், சின்சினாட்டி டீமுக்குப் போயிட்டாரு. லாக்கர காலி பண்றப்ப ஃபேன்ஸப் பத்திப் பேச வந்து அழுக முட்டிக்கிச்சு, பேச முடியாம நோட்டுல எழுதிக் குடுத்தாரு. ரெண்டு வருஷத்துல மெட்ஸோட ஷே ஸ்டேடியம் காத்தாடுச்சு, 1979ல சீசன் முழுக்க 8 லட்சம் பேருகூட வரல.

வர்ற வெள்ளிக்கெழம, ஜூன் 20, ரெட் சாக்ஸே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போறாங்க. நான் முழிச்சிருந்து பாக்கப்போறேன், நீயும் போன்ல வா. டெவர்ஸ் அடிச்சா நான் கை தட்டுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

உன் ரவி