நடந்தால் நாணயம் தரும் ஆப்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகும் பலர் நின்று கேட்டது ஒரே விஷயம்தான். நடந்தால் நாணயம், ஓடினால் பேட்ஜ், நண்பரோடு சேர்ந்து விளையாடினால் இரட்டைப் புள்ளி என்று தருகிற ஆப்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கலாமா, பள்ளியே அப்படி ஒன்றைத் தொடங்கினால் என்ன என்று கேட்டீர்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போடலாம். ஆனால் அதன் வேகம் சில வாரங்களுக்குத்தான் என்று தெரிந்தே போடுங்கள்.

2016 ஜூலையில் போக்கிமான் கோ என்ற மொபைல் விளையாட்டு வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதில் கிடைக்கும் முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடக்க வேண்டும், அதற்காகவே சோபாவை விட்டு எழாதவர்கள் எல்லாம் போனும் கையுமாக நடந்தார்கள். அதே டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்க இளைஞர்களின் போனில் பதிவான காலடிக் கணக்கை எடுத்துப் பார்த்தது. முதல் வாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடியிருந்தன, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஆறாவது வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு ஆப் வீண் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையை வாசலுக்கு வெளியே தள்ள உங்களுக்குச் சில வாரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அதற்குள் "விளையாட வர்றியா?" என்று வந்து கூப்பிட ஒரு நண்பன் கிடைத்துவிட்டால் ஆறாவது வாரத்தில் ஆப் அலுத்துப்போனாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே தானாக வெளியே ஓடுகிற பிள்ளைக்கு மட்டும் இதைப் போடவே போடாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பின்னால் சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. பிடித்துச் செய்வதற்குக் கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் நடக்கிற பேரமும் இதே ரகம். "ஒரு மணி நேரம் வெளியே விளையாடினால் அரை மணி நேரம் மொபைல்" என்று சொல்லும்போதே விளையாட்டு தண்டனை, மொபைல் பரிசு என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பரிசாக ஏதாவது தரத்தான் வேண்டும் என்றால் ஒரு பந்து, நண்பன் வீட்டில் ஒரு மாலை என்று தாருங்கள்.

ஆப் காட்டும் அடி எண்ணிக்கையை நம்பாதீர்கள். நடுநிலை வகுப்புப் பையன் ஒருவன் என் அறையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டு, சீராக முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினான். "நடக்கவே வேண்டாம் மேடம், வாட்ச் அதையும் அடின்னுதான் எடுத்துக்கும்." சிரிக்காமல் இருக்க முடியவில்லை. 10,000 அடி என்ற இலக்கும் வேண்டாம், அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கு போதும். ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாத தொடர், அறுந்துவிடும் என்று வருகிற நினைவூட்டல்களை அணைத்துவிடுங்கள், காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளை தொடர் அறுந்துவிடுமே என்று அழுதுகொண்டு எழுந்து நடப்பதில் என்ன ஆரோக்கியம்? இருப்பிடப் பகிர்வும் முன்பின் தெரியாதவர்களின் நட்பு அழைப்பும் கண்டிப்பாக மூடியிருக்க வேண்டும்.

சரி, பள்ளி என்ன செய்யப்போகிறது? அடுத்த மாதம் தொடங்கி ஆறே வாரம், ஒரு முயற்சி. புள்ளிகள் பிள்ளைக்கல்ல, வகுப்புக்கு மொத்தமாகச் சேரும், தரவரிசைப் பட்டியல் கிடையாது. இன்னொரு மனிதரோடு சேர்ந்து செய்தால்தான் புள்ளி: தம்பிக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பது, தாத்தாவோடு நடந்து போவது, இதுவரை பேசாத வகுப்புத் தோழியோடு ஒரு ஆட்டம். நடந்ததா இல்லையா என்று உறுதி சொல்ல வேண்டியவர் கூட இருந்த அந்த மனிதர்தான், போன் இல்லை. ஏமாற்றலாம்தான், ஆனால் அதற்கும் இரண்டு பேர் கூடிப் பேச வேண்டுமே!

பள்ளிக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதியில் மாற்றமில்லை, பதிவெல்லாம் வீட்டில் உங்கள் போனில்தான். ஆப் வேண்டாம் என்பவர்கள் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், பிள்ளைக்குப் பதிவு செய்ய ஓர் அட்டை தருகிறோம். இரண்டுக்கும் புள்ளி ஒன்றுதான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்