புள்ளி தெரிகிற திரையாகப் பார்த்து வாங்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு மானிட்டர் படங்களையும் பார்த்தேன். ஒன்று 27 அங்குலம், ஃபுல் எச்டி, 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 தடவை படம் மாறும்), வளைந்த விஏ வகைத் திரை. முதுகில் சிவப்பு விளக்கு வேறு. இன்னொன்றும் அதே 27 அங்குலம்தான். 1440பி (2560க்கு 1440 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் வகை, பார்க்க ஃபைல் அலமாரி மாதிரி இருக்கிறது. இரண்டாவதை வாங்கு. ஏன் என்று போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விளையாடுவது ராத்திரி ஒரு மணி நேரம், கார் பந்தயமோ கால்பந்தோ. பகல் முழுக்க அதே திரையில்தான் எக்செல் கட்டங்களையும் மெயிலையும் பார்க்கப்போகிறாய். அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு வரி இல்லை.

நான் செய்த தப்பு உனக்குத் தெரியாது. முன்பு என்னிடம் இருந்தது 22 அங்குலத் திரை. வயதாகிறது, பெரிதாக இருந்தால் கண்ணுக்கு நல்லது என்று 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி வாங்கினேன். எழுத்து பெரிதாகத்தான் ஆனது, கூர்மை போய்விட்டது. இரண்டிலும் இருப்பது அதே 1920க்கு 1080 புள்ளிகள் (பிக்சல்கள்); அதைப் பெரிய பரப்பில் இழுத்து விரித்தால் வேறு என்ன ஆகும்? பழையதில் அங்குலத்துக்குச் சுமார் 100 புள்ளி, புதியதில் 82. மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு அது பெரிய இறக்கம். சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்குத் திரையில் கிடைப்பதே ஒன்றிரண்டு புள்ளிகள்தான். அதுவும் சாம்பலாகக் கரைந்துவிட்டால் கண் தானாகவே இருப்பதாக நினைத்துக்கொண்டு போய்விடும். ஒரு பள்ளி ஆண்டு மலரில், உள்ளடக்கப் பக்கத்தில், "கல்வி" என்ற சொல்லில் புள்ளி விழவில்லை. நான் மூன்று முறை படித்தும் பார்க்கவில்லை. அச்சகத்தில் ஒரு பையன் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே போன் செய்தான். மானம் தப்பியது.

அதனால் கணக்கு இதுதான். ஃபுல் எச்டி என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள், அங்குலத்துக்கு 92 புள்ளி வரும். 27 வேண்டுமென்றால் 1440பி, அதில் 109. எழுத்தை மட்டும் பார்த்தால் 4கே இன்னும் நல்லது, 163 புள்ளி, அச்சடித்த தாள் மாதிரி இருக்கும். ஆனால் அது 80 லட்சத்துக்கும் மேலான புள்ளிகள். உன் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் அத்தனையையும் வரைய வேண்டும். 1440பியில் 37 லட்சம், ஃபுல் எச்டியில் 21 லட்சம். நடுவில் இருப்பது உனக்குப் போதும். ஆட்டம் திணறினால் நிழல், பிரதிபலிப்பு இவற்றைக் குறைத்துக்கொள். 1440பி திரையில் 1080பி, அதாவது ஃபுல் எச்டி, வைத்து ஆடாதே. புள்ளிகள் சரியாகப் பங்கு பிரியாமல் படம் மங்கும்.

240 ஹெர்ட்ஸ் என்றதும் உனக்குக் கை பரபரக்கிறது, தெரிகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் மாற 16.7 மில்லி செகண்ட் ஆகும். 144இல் 6.9. 240இல் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட பத்து மிச்சம், அடுத்ததில் மூன்றுகூட இல்லை. போட்டிக்கு ஆடுகிறவர்களுக்கு அந்த மூன்றும் வேண்டியிருக்கலாம். உன் கார்டு அந்த ஆட்டங்களை நொடிக்கு நூறு படம் ஓட்டினாலே அதிகம், மீதியை யார் பார்க்கப்போகிறார்கள்?

அதைவிட அடாப்டிவ் சிங்க் இருக்கிறதா பார். ஃப்ரீசிங்க், ஜிசிங்க் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். கார்டு எந்த வேகத்தில் படம் கொடுக்கிறதோ அதே வேகத்தில் திரையும் மாறும். இல்லாவிட்டால் கார் திரும்பும்போது படம் குறுக்கே வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் பல ஃப்ரீசிங்க் திரைகளோடு ஒத்துப்போகின்றன, அதனால் கம்பெனி பார்த்துக் கவலைப்படாதே.

பேனல், அதாவது திரைத் தகட்டின் வகை, விஷயத்துக்கு வருகிறேன். விஏவில் கறுப்பு கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அழகு. ஆனால் பல விஏ திரைகளில் இருட்டுக் காட்சி நகர்ந்தால் பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு வால் வரும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும், மூலைகளில் ஒளி கசியும். ஆனால் சாய்ந்து உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. விளக்கை அணைத்துவிட்டு விளையாடாமல் இருந்தால் அந்த வெளுப்பு உன் கண்ணில் படாது. (அணைத்துவிட்டுத்தான் ஆடுவாய். திரைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்காவது வை.) ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) இப்போது வேண்டாம். அசையாத டாஸ்க்பாரை நாள் முழுக்கக் காட்டினால் நாளடைவில் தடம் பதிந்துவிடலாம். பல ஓஎல்இடி திரைகளில் எழுத்து ஓரத்தில் மெல்லிய நிறக்கோடும் தெரியும். எனக்கு அது முள் குத்துகிற மாதிரி.

பெட்டியில் இருக்கும் "1 மில்லி செகண்ட்" (ஒரு புள்ளி நிறம் மாற ஆகும் நேரம்) என்பதை நம்பாதே. பெரும்பாலும் ஓவர்டிரைவை (புள்ளிகளை விரட்டி வேகமாக நிறம் மாற வைக்கும் வசதி) உச்சத்தில் வைத்து அளந்தது, அப்படி வைத்தால் நகரும் பொருளைச் சுற்றி ஒளிவட்டம் வரும். இருளும் வெளிச்சமும் நன்றாகப் பிரிந்து தெரியும் என்று காட்ட ஒட்டுகிற எச்டிஆர் 400 என்ற முத்திரைக்கும் பணம் கொடுக்காதே.

கொடுக்க வேண்டியது ஸ்டாண்டுக்கு. முன்னும் பின்னும் சாய மட்டும் செய்கிற ஸ்டாண்டு வேண்டாம், ஏறி இறங்க வேண்டும். என் திரை இரண்டு வருஷம் இரண்டு அகராதிகளின் மேல்தான் நின்றது. அகராதி தேவைப்படும்போதெல்லாம் திரையைத் தூக்கு, எடு, மறுபடி வை. திரையின் மேல் விளிம்பு உன் கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும். என்னைப் போல இரண்டு பவர் கண்ணாடி போட்டவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும். ஸ்டாண்டு சரியில்லை என்றாலும் பின்னால் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் பிறகு திரையைத் தாங்கும் கை ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

காலையில் ஆபீஸ் லேப்டாப்பையும் அதிலேயே செருகுவாய் அல்லவா? அப்படியானால் இரண்டு வயர் செருக இடம் இருக்க வேண்டும். டைப்-சி துளை இருந்தாலே படம் வரும் என்று நினைக்காதே, சிலவற்றில் மவுஸ், கீபோர்டு மட்டும்தான் வேலை செய்யும். விவரப் பட்டியலில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் (படம் அனுப்பும் வசதி) என்று சேர்த்துப் போட்டிருக்கிறதா பார். லேப்டாப் பக்கத்திலும் அதேபோல் பார்.

அப்பா கதை ஒன்று. அவர் 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கி ஒன்றரை வருஷம் 60இலேயே ஓட்டினார், "என்ன பெரிய வித்தியாசம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, அங்கே போய் நாம்தான் 144 என்று மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் மவுஸ் அம்பை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. இதை நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயும் வயரை மதர்போர்டில் செருகிவிடாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகு.

வந்த அன்றைக்கே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரைக்கும் ஒவ்வொரு நிறமாகப் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா பார். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் போன் கேமராவை எதிரே பிடி. பட்டை பட்டையாக ஓடினால் பின்னொளி சிமிட்டுகிறதாக இருக்கலாம், உனக்குத் தலைவலி வேறு உண்டு. திருப்பிக் கொடுக்கும் நாள் முடிகிறவரை அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதே.

அதற்கு முன்னால் மேஜையை அள. 27 அங்குலத் திரை 60 சென்டிமீட்டர் அகலம் பிடிக்கும். உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அந்த ஆழம் உன் மேஜையில் இல்லையென்றால் 24ஐ வாங்கு, நான் இவ்வளவு எழுதியதற்காக 27 வாங்காதே. எதுவானாலும் மாட்டியதும் 11 அளவில் "கல்வி" என்று அடித்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார். புள்ளி தெரிந்ததா என்று எனக்கு எழுது.

அம்மா